குளிர்ந்தால் கழன்றுவிடும்

ஆஸ்பத்திரியின் செல் வளர்ப்பு அறையில் வேலை பார்த்த அவளுக்கு 'அடைகோழி' என்று பட்டப்பெயர். செல்கள் வளரும் சூட்டுப்பெட்டியை விட்டு நகரமாட்டாள். யாராவது அதன் கதவைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து வைத்தால் பார்வையாலேயே பொசுக்கிவிடுவாள். விலங்கியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் பல வருடம் துணிக்கடையில் சட்டை மடித்தவள். கிடைத்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டாள்.

நோயாளியிடமிருந்து எடுத்த செல்களைத் தட்டில் மெல்லிய படலமாக வளர்ப்பதுதான் அங்கே வேலை. வளர்ப்பது ஒரு பாடு என்றால், தட்டிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. பிரிக்க ஊற்றும் நொதி, செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியையும் கரைத்துவிடும். வாரக்கணக்கில் பொத்திப் பொத்தி வளர்த்தது கடைசி நேரத்தில் நைந்த துணியாகக் கிழியும். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பிறகுதான் புதுவகைத் தட்டு வந்தது. அடியில் ஒரு பாலிமர் பூச்சு. உடம்புச் சூட்டில் அது தண்ணீரை உதறிச் சுருங்கிக் கிடக்கும். செல்கள் அதன்மேல் ஒட்டி வளரும். சூடு முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் தண்ணீரைக் குடித்து உப்பும். படலம் தானே கழன்று வரும். நொதியும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

அந்தத் தட்டில் முதலில் வளர்ந்தது ஒரு பெயிண்டரின் கருவிழிமேல் ஒட்டுவதற்கான படலம். சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் வெந்துபோனவர். கண்ணில் நல்ல செல் மிஞ்சாததால், கன்னத்தின் உட்புறத்திலிருந்து துளி சதை எடுத்தார்கள்.

"வாயிலேர்ந்து எடுத்து கண்ணுல வைக்கிறீங்க. நாளைக்கு என் கண்ணு ஓயாம பேச ஆரம்பிச்சா என்ன தங்கச்சி பண்றது?" என்றார் அவர்.

"பேசினா பேசட்டும்ண்ணே. முதல்ல பாக்கட்டும்."

ஆபரேஷன் அன்று, தட்டைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியோடு கிளம்பினாள். தியேட்டர் எதிர்க்கட்டடத்தின் மேல்மாடியில். ஏசி குளிர் அடிக்கும் நடைபாதையில் பாதி தூரம் போனபோது பெட்டியின் விளக்கு அணைந்தது. பேட்டரி கைவிரித்துவிட்டது. வழியிலேயே குளிர்ந்தால் படலம் கழன்று, நடக்கிற ஆட்டத்தில் சுருண்டுவிடும். 

யோசித்து நிற்க நேரமில்லை. தட்டு இருந்த சீல் வைத்த டப்பாவை எடுத்துக் கோட்டுக்குள் விட்டு, சாயாமல் உள்ளங்கைகளில் ஏந்தி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். லிஃப்டில் நெருக்கடி, இடிபட்டால் வம்பு. படியேறினாள்.

"வழி! வழி விடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் தலைமை டாக்டரே சுவரோடு ஒட்டி நின்றார்.

தியேட்டரில், பெட்டியில்லாமல் வந்தவளைப் பார்த்துக் கண் டாக்டரம்மா பதறிப்போனார். "தாங்கியிருக்கா?"

அவள் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். "ஒட்டிதான் இருக்கு டாக்டர். இப்ப ஆற விடலாம்."

எல்லோரும் தட்டையே பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு ஓரம் லேசாக மேலெழுந்தது. அப்புறம் சுற்றிலும் பிடி விட்டு, படலம் ஒரு கிழிசல் இல்லாமல் முழுசாக மிதந்தது. அவளுக்கு அழுகையில் உதடு பிதுங்கியது. முகக்கவசம் போட்டிருந்ததால் மானம் தப்பியது.

சில வாரம் கழித்து, பரிசோதனைக்கு வந்த பெயிண்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கிட்டே வரச்சொல்லி ஏற இறங்கப் பார்த்தார்.

"குரல வச்சுதான் உன்னைத் தெரியும். இதானா தங்கச்சி? சட்டை பாசிப்பச்சை. மட்டமான சாயம், வெயில்ல வெளுத்துடும்."

"கடைக்காரன் கெட்டியான சாயம்னானே அண்ணே!"

"ஏமாத்திட்டான். நான் பாத்து சொல்றேன்ல?" என்றவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அழைத்துப்போக வந்த கணவனிடம், வண்டியில் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முழுசும் கேட்டான்.

"அப்ப அந்த ஆளு பாக்குறதுக்கு நீயும் ஒரு காரணம்னு சொல்லு."

"ஆமா," என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நானும்தான்."