முட்டை இடாத ஒரு வருடம்

எனக்குப் பல்லி என்றால் ஆகாது. குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்குப் பக்கத்தில் நான் கல்யாணமாகி வந்த வீட்டில், சுவரில் ஒரு பல்லி ஓடினாலும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் என் கணவர் இரண்டு பல்லிகளை ஒப்படைத்துவிட்டு வளைகுடாவுக்குப் போனார்.

அவர் முன்பு வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்தார். அங்கே அவரோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் கெக்கோ என்கிற பல்லி வளர்த்தாராம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், பருத்த வால், நம்மைப் போலவே இமைக்கிற கண். நம் வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஏறாது. தரையில் பையப் பைய நடக்கும். அதைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளியும். அதனால் நாகர்கோவிலில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த ஒருவர் மூலம் சென்னையிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தபோது நான் தடுக்கவில்லை. குஞ்சு பொரித்தால் கடைக்காரரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. என் மாமியார் மட்டும் அந்த அறைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பெண் கெக்கோ முதல் முட்டைகளை இட்ட சமயத்தில் அவருக்கு விசா வந்துவிட்டது. இரண்டு கெக்கோவையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு இடுக்கியால் கரப்பான்பூச்சி கொடுக்கப் பழகினேன். முதல் நாட்களில் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். தேங்காய் நார் அடிக்கிற இடத்தில் கழிவாகக் கிடக்கும் தும்புச்சோற்றை, அதாவது நார்த்தூளை, வாங்கிவந்து, ஈரப்படுத்தி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, முட்டைகளை அதில் பதித்து வைப்பேன். இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே கடைசிவரை மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே இருப்பது செத்துவிடும். அதற்காக ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது என் சுண்டுவிரல் நீளத்தில், உடம்பெல்லாம் வரிவரியாக ஒரு குஞ்சு நின்று என்னைப் பார்த்தது. எனக்குப் பயம் போனது அன்றைக்குத்தான்.

முட்டைகள் இரண்டிரண்டாக வந்துகொண்டே இருந்தன. ஓர் ஈடு பொரிப்பதற்குள் அடுத்த ஈடு. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். பெட்டியைச் சுத்தம் செய்வதற்காகப் பெண் கெக்கோவைத் தூக்கியபோதுதான் அதன் எடை குறைந்திருப்பது எனக்கு உறைத்தது. கெக்கோவுக்கு வால்தான் சேமிப்பு. தின்றதில் மிஞ்சுகிற கொழுப்பெல்லாம் அங்கேதான் சேரும். அந்த வால் காய்ந்த முருங்கைக்காய் போல ஒட்டிப்போயிருந்தது. கடைசியாக இட்ட முட்டைகளும் தோல் மெலிந்து, தொட்டால் குழிந்தன.

அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போய்வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆண் கூடவே இருந்தால் பெண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. ஒவ்வொரு முட்டையின் தோலுக்கும் அதன் எலும்பிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்து போகிறது. வளர்ப்பவர்தான் பார்த்துப் பிரிக்க வேண்டும். அன்றைக்கே ஆணை வேறு பெட்டிக்கு மாற்றினேன்.

அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. எனக்கு ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். மாமியாரோ, என் கணவர் அடுத்த லீவுக்கு வரும்போது ரெண்டாவதுக்குப் பார்த்துவிட வேண்டும், ஒன்றோடொன்றாகப் பெற்று வளர்த்துவிட்டால் கஷ்டம் முடிந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆணைப் பிரித்தது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. சீசன் முடியவில்லையே என்றார். நான் மசியவில்லை என்றதும் நேரே என் கணவரைக் கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், போன் வந்தது.

"கடைக்காரன் விளிச்சான். ஆணை மாத்திப் போட்டியா?"

"போட்டேன். மத்தது எலும்பும் தோலுமாக் கெடக்கு. முட்டை இட்டு இட்டு உள்ள உள்ளதெல்லாம் தீந்துபோச்சு."

"இன்னும் ரெண்டு ஈடு எடுத்திட்டுப் பிரிக்கலாம்லா?"

"வேண்டாம். இந்த வருசம் போதும். அடுத்த வருசமும் சேக்கமாட்டேன். அது தேறட்டு."

அதே மூச்சில் நான் மேலும் சொன்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றும் தெரியாது.

"எனக்கும் கொஞ்ச காலம் வேணும். மாமி ரெண்டாவது பிள்ளைக்குக் கேக்குதாவ. என் உடம்பு தேறணும், படிப்பு முடியணும். நீங்கதான் அவியகிட்டச் சொல்லணும்."

"சரி பிள்ளே. அம்மைகிட்ட நான் சொல்லுதேன்" என்றார். பிறகு தணிந்த குரலில், அதற்கு என்ன தீனி கொடுக்கிறேன் என்று விசாரித்தார்.

பிரித்த பிறகும் பெண் ஓர் ஈடு இட்டது. அவை கருவில்லாத முட்டைகள். அதற்குப் பிறகு தின்பதையே நிறுத்திவிட்டது. பயந்துபோய் ஒரு டப்பாவில் போட்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஆடும் கோழியும் கொண்டுவந்தவர்கள் என் டப்பாவை எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. இப்படி ஒன்றைத் தாம் வைத்தியம் பார்த்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வயிற்றை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, முட்டை எதுவும் உள்ளே சிக்கவில்லை என்றார். கால்சியத்தைச் சொட்டு சொட்டாக நாக்கில் விடச் சொன்னார்.

தன் மகன் போனில் சொன்னதைக் கேட்ட மாமியார் என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, கெக்கோ அறை வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. எடுக்கப் போனேன்.

"பைய எடு. உள்ள வெட்டுக்கிளி கெடக்கு" என்றார் மாமியார் அடுக்களையிலிருந்து. "வாழைல இருந்தத பிடிச்சேன். அந்தச் சாதனம் இதத் தின்னுமா?"

தின்றது. பல நாளுக்குப் பிறகு அது வாய் திறந்து ஒன்றைக் கவ்வியதை நாங்கள் இருவரும் குனிந்து நின்று பார்த்தோம். என் மாமியார் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. "பெத்த உடம்புல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி என் தட்டில் சாளை மீன் பொரியல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

மழைக்காலம் முழுக்க பெண் கெக்கோ தனியாகத் தின்று தூங்கியது. அடுத்த வருடம் முழுவதும் ஒரு முட்டைகூட இல்லை. கடைக்காரர் போன் செய்வதையே விட்டுவிட்டார். நான் பி.எட். முடித்து, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டுவது நின்றிருந்தது.

லீவில் வந்த என் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே, "இது புதுசா வாங்கினதா?" என்று கேட்டார். இல்லை, பழசுதான் என்றேன். நம்பவில்லை. கையில் எடுத்து, விரல் பருமனுக்குத் திரண்டிருந்த வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

அதற்கடுத்த வருடம் நான்தான் நாள் பார்த்து இரண்டையும் சேர்த்து வைத்தேன். சில நாளில் பிரித்தும்விட்டேன். குறைந்த முட்டைகள்தாம், ஆனால் எல்லாம் கெட்டியான வெள்ளைத் தோலோடு இருந்தன, ஒன்றுகூடப் பழுதாகவில்லை. என் மகள் அதற்குப் பிறகு, எனக்குத் தோன்றிய சமயத்தில் பிறந்தாள். மாமியார்தான் அவளுக்கு முதன்முதலில் கெக்கோவைக் காட்டியது.