பாஸ்போர்ட்டில் ஒரு தாடி

பினாங்கில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு வாத்தியார் வேண்டும் என்று பேப்பரில் பார்த்து எழுதிப் போட்டேன். பி.ஏ. பாஸ் செய்துவிட்டு ஸ்ரீவராகத்து வீட்டில் இரண்டு வருஷமாக அப்பாவின் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, வரச் சொல்லிப் பதில் வந்ததே பெரிய அதிசயம். ஆனால் பள்ளி திறக்கும் நாளில் பாஸ்போர்ட்டோடு அங்கே நிற்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். எங்கள் வீடுகளில் மனைவி கர்ப்பமாக இருந்தால் புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, கடல் தாண்டவும் கூடாது. பிரசவம் ஆனதும் கப்பலேறலாம் என்று வைத்துக்கொண்டாலும், பாஸ்போர்ட்டுக்குப் படம் முன்பே வேண்டுமே. காடாய் வளர்ந்த தாடியோடு பழவங்காடி ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தேன். எடுத்த படங்களை மனுவோடு அனுப்பினேன்; ஒன்றை மட்டும் மனைவி வைத்துக்கொண்டாள்.

பெண் பிறந்தாள். தீட்டுக் கழியப் புண்யாகவாசனம் முடிந்ததும் மழமழவென்று மழித்துக்கொண்டு, பாஸ்போர்ட் வாங்க சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். நாஞ்சில் நாட்டுக் குமாஸ்தா ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது வேற ஆளாக்கும் சாரே. புதுப் படம் வச்சு எழுதிக் கொடுத்தா ரெண்டு மாசம் ஆகும், கேட்டேளா?"

கப்பலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "பொண்டாட்டி பெத்தா, மழிச்சுண்டேன். அது குத்தமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பிள்ளை ஆணா, பெண்ணா?"

"பொண்ணு."

"துண்டால மூக்குக்குக் கீழ மறையுங்கோ."

மறைத்தேன். அவர் படத்திலிருந்த தாடியை உள்ளங்கையால் மூடி, இரண்டு ஜோடிக் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பாஸ்போர்ட்டில் படத்துக்குக் கீழே 'மனைவியின் பிரசவத்துக்குப் பின் தாடி நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தார். நன்றிகூடச் சொல்லாமல் பறித்துக்கொண்டு ஓடினேன். பினாங்கில் வேலை கிடைத்தது, வீடு நிமிர்ந்தது. எல்லாம் அந்த ஒரு வரியால்.

நாலு வருஷம் கழித்து லீவில் வந்தேன். பெண் என்னைக் கண்டதும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இது அப்பா இல்லை. அப்பாக்குத் தாடி உண்டு," என்றாள். அவள் அறிந்த அப்பா, மனைவி வைத்திருந்த அந்தப் படம்தான். தூக்கப் போனால் அழுதாள்.

அப்போதுதான் குமாஸ்தா நினைவுக்கு வந்தார். படத்தை எடுத்து வரச் சொல்லி, தாடியை என் கையால் மூடிக் காட்டினேன். துண்டால் என் வாயை மறைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். குமாஸ்தாவைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். அவர் அதே இடத்தில்தான் இருந்தார். அன்று விட்டுப்போன நன்றியைச் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு என்னை நினைவில்லை. "அந்தத் தாடி," என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுக் குழந்தையைக் கூர்ந்து பார்த்தார்.

"கண்ணு அதே கண்ணாக்கும்," என்றார்.