பஸ் கூரையில் போன உப்பனாற்றுத் தண்ணீர்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி கொண்டுபோவது எப்படி என்று இரண்டு கல்லூரி மாணவர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். 2009 சித்திரை மாதத்தில் நானும் என் வகுப்புத் தோழன் செந்திலும் அப்படி ஒரு பயணம் போனோம். எப்படிப் போகக்கூடாது என்பதற்கு எங்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செந்தில் நெல்லிக்குப்பத்துக்காரன். எம்.எஸ்சி. முதல் வருடத்திலிருந்தே அவனுக்கு ஒரே கேள்விதான். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் சாயக்கழிவு கலக்கும் உப்பனாற்றில் எந்த பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, அது சாயத்தைத் தின்னுமா? மாணவர் ஆய்வுக்கு அரசு தரும் நிதிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டான். முதல்கட்ட முடிவு ஒன்றை இணைக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அதற்கு வசதி இல்லை. சிதம்பரத்தில் ஒரு மேடம் பெரிய மனதோடு தன் ஆய்வகத்தில் இடம் தந்தார். பாக்டீரியா வளர மூன்று நாள் ஆகும், திங்கள் மாலைக்குள் விண்ணப்பம் சென்னையில் இருக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையை விட்டால் வேறு நாள் இல்லை. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே நிதி. எங்களுக்கோ அது கடைசி வருடம்.

காலை ஆறரைக்குக் குடிகாடு பக்கம் ஆற்றில் இறங்கி நான்கு பாட்டில் பிடித்தோம். மாதிரி சூடாகாமல் போக வேண்டும். ஐஸ் பெட்டி வாங்க வசதியில்லாததால், துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் நண்பனிடம் ஒரு தெர்மாகோல் பெட்டியும் தூள் ஐஸும் ஓசியில் வாங்கியிருந்தோம். பெட்டியை சோப்பு போட்டு மூன்று தடவை கழுவியும் இருந்தோம். எங்கள் மூக்குக்கு நாற்றம் போய்விட்டது. கடலூர்க்காரன் மூக்கை நம்பலாமா?

ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை நடந்ததால் அப்போது ரயில் கிடையாது. ஓ.டி. என்கிற கடலூர் பழைய நகரில் எட்டு மணிக்கு பஸ் ஏறினோம். சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினாறு ரூபாய். பெட்டியைப் பார்த்ததுமே கண்டக்டர் மூக்கைப் பொத்தினார்.

"மீன் பொட்டிய உள்ள ஏத்தக்கூடாது. மேல போடு."

"மீன் இல்லண்ணா, ஆத்துத் தண்ணி," என்றான் செந்தில்.

"ஆத்துத் தண்ணிய எவன்யா ஐஸ்ல வச்சி எடுத்துனு போவான்? கத உடாத."

பஸ்ஸே சிரித்தது. செந்தில் மூடியைத் திறந்து காட்டினான். வந்த வாடையில் முன்சீட்டு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அத்தோடு எங்கள் வழக்கு தள்ளுபடி. அடுத்த பஸ் எப்போதென்று தெரியவில்லை. இறங்கி நிற்கப் பயந்து பெட்டியைக் கூரையில் ஏற்றினோம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் செந்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் ஜன்னலோரம் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. "ஐஸ் உருகுது மச்சான்," என்றான்.

ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தால் ஐஸே மிச்சமில்லை. மேடம் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரை விட்டார். முப்பத்தொன்று டிகிரி. பத்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

"வெயில்ல வச்சீங்களா?"

இல்லையென்று சொல்ல என் வாய் திறந்தது. அதற்குள் செந்தில், "பஸ் மேல வந்துச்சி மேடம்," என்று சொல்லிவிட்டான்.

"தட்டுல போட்டா பாக்டீரியா நெறைய வளரும்பா. ஆனா அது ஆத்தோட கணக்கு இல்ல, வெயிலோட கணக்கு. இத வச்சி நான் கையெழுத்து போட முடியாது." மேடத்துக்கும் வருத்தம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மேலவீதிப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். சிதம்பரம் போனால் கொத்சு சாப்பிடாமல் திரும்பாதீர்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அன்று அதன் ருசி தெரியவில்லை. செந்தில் இலையைத் தொடவில்லை.

இனி போகப்போகிறவர்களுக்கு. இப்போது ரயில் ஓடுகிறது, நேரம் விசாரித்துக்கொண்டு அதில் போங்கள். மீன் பெட்டி வேண்டவே வேண்டாம். புதுப் பெட்டி வாங்க நாலு பேரிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஐஸ் கட்டியாக இருக்கட்டும், தூள் ஐஸ் சீக்கிரம் உருகும். முக்கியமாக, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே போங்கள். ஒரு தடவை கெட்டால் மறுபடி ஆற்றில் இறங்க நாள் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு நாள் இல்லை, விண்ணப்பமும் போகவில்லை.

செந்தில் இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். தினமும் கழிவுத் தண்ணீரில் மாதிரி எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலைதான். போன மாதம் ஓ.டி. டீக்கடையில் பார்த்தபோது ஐஸ் பெட்டி கிடைத்ததா என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பொட்டி என்னா மச்சான், ஏசி வண்டியே வருது. சில்லுனு எடுத்துனு போறாங்க," என்றான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: "தண்ணில என்னா இருந்துச்சினு மட்டும் எனக்குச் சொல்ல மாட்டாங்க."