போனுக்கு என் மாமனாரைத் தெரியவில்லை

பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் தேறியதில்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஒரு கட்டத்தில் என் விடைத்தாளைத் திருத்துவதையே விட்டுவிட்டு, அதில் வேர்க்கடலை கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தார். அப்படியாவது பயன்பட்டதே என்று அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னைப் பரீட்சை வைக்கிற ஆளாக வேலைக்குச் சேர்த்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

திருத்தணியில் மலையடிவாரத்திலிருந்து ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி ஏறினாள். கையில் இரண்டு போன், தோளில் லேப்டாப் பை. ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி கார்டு எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே போட்டு வைக்கிற பை ஒன்றை அவளுடைய கம்பெனி செய்திருந்தது. அதற்கு வாலெட் என்று பெயர். தமிழ்நாட்டுக்காரர் ஆந்திராவில் பேங்குக்கோ, சிம் கார்டு கடைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போனால் போனை முகத்துக்கு நேராகக் காட்டினால் போதும், ஜெராக்ஸ் கட்டு வேண்டாம். அந்தப் பக்கத்துக்காரர் இங்கே வந்தாலும் அப்படியே. இது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இரண்டு பக்கமும் போக வர இருக்கிற ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மாமியார் வீடு பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திரால கீதுமா. வாராவாரம் போய்த் திட்டு வாங்கிகினு வருவேன்" என்றேன்.

"சூப்பர் அண்ணா. ஆனா ஒண்ணு, நீங்க இதை ஒழுங்கா பயன்படுத்தக் கூடாது. எப்படியெல்லாம் தப்பா பண்ணலாமோ அப்படிப் பண்ணணும். எங்க உடையுதுன்னு எனக்குத் தெரியணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக என் தகுதிக்கேற்ற வேலை வந்து என் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது.

நானும் குறை வைக்கவில்லை. வாய் நிறைய போண்டாவோடு முகத்தைக் காட்டினேன். மழையில் நனைந்து காட்டினேன். என் கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். "இது நீங்கள் இல்லை" என்றது. பக்கத்தில் நின்ற என் மனைவி, "கரெக்டாத்தான் சொல்லுது, அன்னிக்கு என்னை ஏமாத்துனவன் வேற ஆளு" என்றாள்.

இந்தச் சோதனையில் என் மாமனாரையும் சேர்த்துவிட்டேன். காரணம் இருந்தது. அவருக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே மாட்டுக்கொம்பு பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு கண்ணிலும் இப்போது புரை. மாந்தோப்பில் தனியாக நடக்கிற மனிதர், போன மாதம் வாசலில் கட்டியிருந்த எருமையைப் பார்த்து, "ரண்டி, வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் வருத்தப்பட்டேன். என் மனைவி, "நைனாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று சந்தேகப்பட்டாள்.

அந்த ஊர்ப் பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி கிடையாது. திருத்தணியில் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வந்து அறுவை சிகிச்சை செய்வார். ஆனால் மாமனாரிடம் இருப்பது ஆந்திரா ஆஸ்பத்திரி கார்டு. அதைக் காகிதமாக நீட்டினால் இங்கே செல்லாது. போன் வழியாக வந்தால் ஏற்றுக்கொள்வதாக இந்தச் சோதனைக்காக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாத நாட்களில் எங்கள் வீட்டில் நிம்மதி இருக்கும்.

கண் நல்லபடியாக ஆனால் முருகனுக்கு மொட்டை போடுவதாக மாமனார் வேண்டியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "அப்போ மொட்டையை முன்னாடியே அடிச்சிடுவோம் மாமா, சாமியும் முன்பணம் வாங்கின மாதிரி கவனமா வேலை செய்வாரு" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது. கத்தியைப் பார்த்ததும் என் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். ஆபரேஷன் அன்று காலையில் தலைமுடி, மீசை எல்லாம் போய், மண்டை நிறைய சந்தனம் பூசிக்கொண்டு, மலையிலிருந்து இரண்டு பலாக்கொட்டைகள் இறங்கி வந்தன.

ஆஸ்பத்திரி கவுண்டரில் அந்தச் சென்னைப் பெண் லேப்டாப்போடு காத்திருந்தாள். எங்களைப் பார்த்தவுடன் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா, வாலெட்ல போட்டோ எடுத்தப்போ மாமாவுக்கு முடி இருந்துச்சே?"

"மீசையும் இருந்துச்சுமா. அதுக்கு இன்னா?"

அதுக்கு என்ன என்பது உடனே தெரிந்துவிட்டது. மாமனார் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "முகம் பொருந்தவில்லை" என்று வந்தது. ஜன்னல் ஓரம் போய் இன்னொரு தடவை. மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவையும் தவறினால் அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொள்ளும். டாக்டர் சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

கவுண்டர் அம்மா எட்டிப் பார்த்தார். "அடுத்த மாசம் வாங்களேன்."

மாமனார் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு செத்துப்போனது. கூட வந்திருந்த என் மனைவி என்னைத் திட்டக்கூட இல்லை. அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் கையை மீறிவிட்டது என்று அர்த்தம்.

"சந்தனம்தான் மினுமினுன்னு அடிக்குது போல. துடைச்சிட்டுப் பார்க்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"சாமி சந்தனத்தைத் துடைக்கிறதா? ஒத்து, ஒத்து, வேணாம். அது தானா காஞ்சு உதிரணும்" என்று மாமனார் தலையைப் பொத்திக்கொண்டார்.

"சரி. அவரோட போனை யாரும் தொடாதீங்க. கடைசி சான்ஸ்" என்றாள் அவள். பிறகு என் மண்டையையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது.

"என் போன் கீதேமா! என் மண்டையும் கீதே!"

முதலில் சந்தனத்தோடு என் போனில் முகத்தைக் காட்டினேன். பொருந்தவில்லை. குழாயடிக்கு ஓடிப்போய்ச் சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்தேன். சாமி என் விஷயத்தில் எப்போதோ கைகழுவிவிட்டதால் எனக்குப் பயமில்லை. அப்போதும் பொருந்தவில்லை. ஆகக் குற்றவாளி சந்தனம் இல்லை. அந்தப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். முகத்தைச் சுற்றி வருகிற கட்டம் என் புருவத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நெத்தி எங்க முடியுது, மண்டை எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்குத் தெரியலண்ணா."

"எங்க வாத்தியாருக்கே தெரிலமா."

திரையின் மூலையில் ஒரு தொப்பிப் படம். அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. தலையில் எதுவும் இருக்கக் கூடாது என்று அர்த்தமாம். கூடாது என்பதைச் செய்யத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்? ஆட்டோ கண்ணாடி துடைக்கிற துண்டை எடுத்து, முன்பு முடி ஆரம்பித்த இடத்தில் இறுக்கிக் கட்டினேன். கிரீஸ் நாற்றம் தாங்காமல் அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். போனுக்கு நல்லவேளை மூக்கு இல்லை. சரிபார்க்கிற வட்டம் ஒரு சுற்று சுற்றியது. திரை பச்சையானது.

"அய்யோ அண்ணா!" என்று அவள் கத்தியதில் கவுண்டர் அம்மா டீயைக் கொட்டிவிட்டார்.

மாமனாரிடம் ஓடினேன். "மாமா, சந்தனத்தைத் துடைக்கல, மேல துண்டு மட்டும் கட்டிக்கலாம். சாமிக்கு ஆட்சேபனை இருக்காது."

"உன் துண்டா?"

"உங்க துண்டுதான்."

"அப்போ சரி."

நான் கட்டினேன். என் மனைவி போனைப் பிடித்தாள், மாமனார் புரை விழுந்த கண்ணை அகலத் திறந்து பார்த்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் முருகனுக்கு நான் இன்னும் எத்தனை மொட்டை வேண்டிக்கொண்டேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

பச்சை. கவுண்டர் கம்ப்யூட்டரில் மாமனாரின் பெயர் முதலில் தெலுங்கில் வந்தது, உடனே கீழே தமிழிலும் வந்தது. அவருக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

"வச்சிந்தா?" என்றார் மெதுவாக.

"வந்துச்சு நைனா!" என்று என் மனைவி சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் என் மொட்டை மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். அது பாராட்டு. பதினாறு ஆண்டு அனுபவத்தில் எனக்கு வித்தியாசம் தெரியும்.

அந்தப் பெண் அங்கேயே நின்று தன் ஆபீசுக்குப் போன் போட்டாள். "உலகத்துல இருக்கிற எல்லா மூஞ்சியையும் யோசிச்சோம், மொட்டையை யோசிக்கலையே! இங்க பாதி ஊரே மொட்டைதான் சார்!" இப்போது அந்த வாலெட் துண்டு இல்லாமலே மொட்டைக்குத் திறக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை தினமும் என் மண்டையைக் காட்டியவன் நான்தான். முடி முளைக்க முளைக்கக் காட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற தலை, அந்தக் கம்பெனியில் அவ்வளவு பேர் உட்கார்ந்து படிக்கிற பாடமாகிவிட்டது.

மறுநாள் காலையில் நர்ஸ் மாமனாரின் கட்டைப் பிரித்தார். மாமனார் கண்ணைச் சுருக்கி, மெல்லத் திறந்து, ஜன்னலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்ததையும் பார்த்து, "ஏன்மா அழற?" என்று கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, காலிலிருந்து மொட்டை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"ஆங், மாப்ளேதான்" என்றார். "எருமைக்கு முடி இருக்கும்."