மூலையில் எழுதிய பெயர்

சின்ன காஞ்சிபுரத்தில் மாகறல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே பட்டுக்கடைச் சுவரில், புடவைமேல் ஆம்பிளைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் சாரத்தில் நின்று மணப்பெண் படம் வரைகிறாள். படத்துப் புடவையின் கரையில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. கண்ணை எடுக்க முடியவில்லை.

“இந்த ஊர்ல சாரம் ஏறின மொத பொம்பள இவங்கதாம்மா. அன்னிக்கு கீழ நின்னு சிரிச்சவங்க கடைக்கெல்லாம் இப்ப இவங்கதான் போர்டு எழுதுறாங்க. பேரு மட்டும் அவங்க அப்பா பேருதான் போடுவாங்க” என்கிறார் டீக்கடைக்காரர்.

அவள் இறங்கி வந்து சுவரின் கீழ் மூலையில் பெயர் எழுதுகிறாள். கடை முதலாளி துடைக்கிற துணியோடு வெளியே வருகிறார்.

“இன்னாம்மா, உங்க பேரைப் போட்டுக்கினு? இது யாருக்குத் தெரியும்? துடைச்சிட்டு அப்பா பேரைப் போடுங்க.”

“அப்பா போயி எவ்ளோ காலம் ஆச்சு முதலாளி! இன்னமும் அவரேவா வரைஞ்சிக்கினு இருக்காரு?”

அவர் துணியை நீட்டியபடியே நிற்கிறார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் பஸ் போர்டைப் படித்துச் சொல்லச் சொல்லி யாரையும் கேட்டதில்லை. சுவரண்டை போய் உரக்கப் படிக்கிறேன்: “வே... த... வ... ல்... லி. எனக்குத் தெரியுதே தம்பி!”

அவள் சிரித்துவிடுகிறாள். “ஈரம் காயறதுக்குள்ள அம்மா படிச்சிட்டாங்க முதலாளி. இனிமே துடைச்சி இன்னா ஆவப்போவுது?”

முதலாளி அந்தத் துணியில் தன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். நான் மறுபடி படிக்கிறேன், இந்தத் தடவை நிறுத்தாமல்: வேதவல்லி.