அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்?

மனைத் தரகு என்பது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அடுத்தவர் குடும்பச் சண்டைக்குள் போய் உட்காரும் தொழில். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருந்தால் வீட்டில் மரியாதை குறையும் என்று பயந்து என்னைப் போலவே இதில் வந்து விழுந்த சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததா? ஆனால் உங்களுக்கு இல்லாத ஒரு பாக்கியம் எனக்கு இருந்தது. அதன் பெயர் எஸ்தர் மேடம். வடலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, ஒரு ஸ்கூட்டி; மேடத்துக்கு என் மூத்த மகளின் வயது. நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்தைந்து வருடம் சர்வீஸ் போட்டவன் அவரை மேடம் என்று கூப்பிடுவதில் என் மனைவிக்கு இன்றுவரை சிரிப்பு.

விற்க மாட்டேன் என்றவர்

முதலில் நான் அவரிடம் வாடிக்கையாளராகத்தான் போனேன். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், சொந்தமாக ஒரு இடம் வேண்டும். மூன்று மனை பார்த்தேன், மூன்றும் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றையும் தர முடியாது என்றுவிட்டார். வியாபாரம் வேண்டாம் என்றால் எதற்கு போர்டு மாட்டியிருக்கிறீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அந்த மூன்று இடத்துக்கும் பஸ் கிடையாது; என்னிடம் வண்டி இருக்கிறது, ஆனால் என் மனைவிக்கு முழங்கால் வலி, அதை நானே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். நான் மறந்ததை அவர் மறக்கவில்லை. கடைசியில் சொன்னார்: "அடுத்த தடவ ஆன்ட்டியையும் கூட்டிகினு வாங்க சார். பகல் முழுக்க அந்த வூட்ல இருக்கப்போறது அவங்கதான?"

நாலாவது மனையை என் மனைவி பத்தே நிமிடத்தில் முடித்தாள். அடுத்த வாரமே நான் மேடத்திடம் வேலை கேட்டுப் போய் நின்றேன்.

மழைக்கு லீவு இல்லை

டவுன்ஷிப்பில் வாழ்ந்தவனுக்கு மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது. சாக்கடை, ரோடு, குழாய் எல்லாம் யாரோ பார்த்துக்கொள்வார்கள். அதனால் ஒருநாள் மழை கொட்டியபோது, இன்று வரவில்லை என்று மேடத்துக்கு போன் செய்தேன். இன்றுதான் வர வேண்டும் என்றார். நான் ஒரு வாரமாக ஒரு பள்ளி ஆசிரியரிடம் ஓகோவென்று புகழ்ந்துகொண்டிருந்த மனைக்கு, அவரையும் வரச் சொல்லியிருந்தார்.

போய்ப் பார்த்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். விற்பனை போனது. மேடம் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. ஆசிரியர்தான் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஈசானிய மூலையில தண்ணி இருக்கணும்னு சொன்னீங்களே சார், நாலு மூலையிலயும் இருக்குதே."

மூத்தவர் கையெழுத்து

தண்டபாணி என்னோடு ஒரே ஷிப்டில் உழைத்தவன். ரிட்டயர் ஆகிவிட்டான், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதம்தான் இருந்தது. வடலூருக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தேன். அப்பா விட்டுப்போன வீடு. பட்டா மூன்று அண்ணன் தம்பிகள் பெயரில், வில்லங்கம் ஒன்றும் இல்லை. மூத்தவர் சரி என்றார். ஷிப்டில் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் போட்ட மாதிரிதானே? அந்தப் பழக்கத்தில் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

பேச்சை முடிக்க மேடத்தோடு மூத்தவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் நாங்கள் கூடத்தில் காகிதத்தைப் பரப்பினோம். தண்ணீர் கேட்டு அடுப்படிக்குப் போன மேடம், அங்கே பெண்களோடு பேசிவிட்டுத் திரும்பி வந்து மூத்தவரிடம் சாதாரணமாகக் கேட்டார், தங்கச்சிக்கு நெல்லிக்குப்பத்தில் எந்தத் தெரு என்று. கல்யாணத்தில் நகை போட்டதோடு அவள் கணக்கு தீர்ந்தது என்றார் மூத்தவர். தங்கைக்கும் பங்கு உண்டு, அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை விற்றுத் தர மாட்டேன் என்றார் மேடம். அப்படியானால் வேறு தரகரைப் பார்க்கிறோம் என்று அண்ணன் தம்பிகள் எழுந்தார்கள்.

நான் மேடத்திடம் கெஞ்சினேன். இத்தனை வருடம் கேட்காத தங்கை இனியா கேட்கப்போகிறாள்? அவர் அசையவில்லை. விஷயம் தெரிந்ததும் தண்டபாணி என் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "பொண்டாட்டி பிள்ளையோட நான் எங்கடா போவேன்? உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

நெல்லிக்குப்பத்துக்கு ஒரு பஸ்

மறுநாள் மேடமும் நானும் நெல்லிக்குப்பம் போனோம். அந்தத் தங்கை, விஜயா அம்மா, சர்க்கரை ஆலைப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். காபி கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அவசரமாகப் பேனாவை எடுத்தேன். மேடம் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். விஜயா அம்மா காபி டம்ளர்களை எடுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "கையெழுத்து போடறேங்க. ஆனா அண்ணன் வந்து கேக்கணும். அப்பா காரியத்துக்கு அப்பறம் யாரும் இந்த வாசப்படி ஏறல."

ஒன்பதாம் நாள்

மேடம் அந்த வார்த்தைகளை அப்படியே மூத்தவருக்குப் போனில் சொன்னார். வாதாடவில்லை, சட்டம் பேசவில்லை. எட்டு நாள் பதில் இல்லை. தண்டபாணி வாடகை வீடு தேட ஆரம்பித்திருந்தான், என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். ஒன்பதாம் நாள் மூத்தவர் மாடிப்படி ஏறி வந்து, நெல்லிக்குப்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மேடம் என்னைக் கூடவே அனுப்பினார். வழியெல்லாம் பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார் மனிதர். விஜயா அம்மா கதவைத் திறந்து, "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்டார். மூத்தவர் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

பத்திரத்தில் நாலு பேர் கையெழுத்து, பணமும் நாலு பங்கு. குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் தண்டபாணி பால் காய்ச்சினான். விஜயா அம்மாவையும் அழைத்திருந்தான். அவர் பிறந்த அறையில் சுவரைத் தொட்டபடி நின்றிருந்தார். தண்டபாணி அதைப் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டான். "டேய், அந்த மேடத்துகிட்ட நீ இன்னும் ரெண்டு வருஷம் ட்ரெயினிங் எடு."

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முப்பத்தைந்து வருடம் தோண்டிப் பார்த்தவனுக்கு, பூமிக்கு மேலே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று காட்ட வடலூரிலிருந்து ஒரு ஸ்கூட்டி வர வேண்டியிருந்தது.