குடை சாமிக்கு என்ன பேரு?

அந்த லாட்ஜ் ரெஜிஸ்டருக்குன்னு ஒரு வாசனை உண்டு... ஈரத்துணி, விபூதி, பழைய கோந்து எல்லாம் கலந்த வாசனை. பௌர்ணமிக்கு வர்றவங்க நனைஞ்ச கையோட எழுதி எழுதி அட்டையே ஊறிப் போயிருக்கும்.

பி.காம் முடிச்சுட்டு நான் சேர்ந்த முதல் வேலை அது. தேரடி பக்கத்துல ஒரு லாட்ஜ், ரிசப்ஷன்ல உக்காரணும். பேரு, தகப்பனார் பேரு, ஊரு, வந்த காரணம்... நாலே கட்டம். காரணம்ங்கற இடத்துல முக்கால்வாசிப் பேர் "சாமி"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மேனேஜரும் அதுக்கு மேல கேக்க மாட்டார்.

மழை நாள்ல மட்டும் குடை சாமி வருவார். கிரிவலப் பாதையில இருக்கற சாமியார். வெயிலோ மழையோ, கையில ஒரு கருப்புக் குடை இருக்கும். மாடிப்படிக்குக் கீழ படுத்துக்க மேனேஜர் இடம் குடுப்பார்.

முதல் தடவை நான் ரெஜிஸ்டரைத் திறந்துட்டு, "பேரு?"ன்னு கேட்டேன்.

"அருணாசலம்."

"அப்பா பேரு?"

"அருணாசலம்."

"ஊரு?"

மலைப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் முழிச்சேன். மேனேஜர் உள்ளேர்ந்து, "அப்படியே எழுதும்மா... இங்க பாதி சாமியாருக்கு அதான் பேரு"ன்னார். எழுதிட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க கிட்ட, எதை விட்டீங்கன்னு கேக்கறது எங்க ஊர்ல வழக்கமில்ல.

நான் சேர்ந்த மூணாவது வருஷம் ஏழாம் நம்பர் ரூம்ல ஜெயசீலன் சார் ரெண்டு மாசம் தங்கினார். வேலூர்ல வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். நாவல் எழுத வந்தேன்னார். மத்தியானம் கூட்டம் கம்மியா இருக்கறப்ப கீழ வந்து, எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுவார்.

கதை நம்ம ஊர் மாதிரி ஒரு மலை ஊர்ல நடக்குது. அங்க ஒரு அரசாங்கம். யாரையும் அடிக்காது, மிரட்டாது. அரிசி, பென்ஷன் எல்லாம் வீடு தேடி வரும். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு தான் கேக்கும்... நீ யாரு, எங்க போற, யார் கூடப் போற? மலையைச் சுத்தறவங்க வழியில இருக்கற எட்டு லிங்கத்துலயும் நின்னு பேரைப் பதியணும். ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா, அந்த நேரத்துல எங்க இருந்தேன்னு ஆள் வந்து விசாரிப்பாங்க.

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "சார், இங்க கரெண்ட் ரீடிங்கே ஒழுங்கா எடுக்க ஆள் வர்றதில்ல. இவ்ளோ வேலையை எந்த கவர்மெண்ட் சார் பாக்கும்?"

கடைசி அத்தியாயத்துக்குத் தான் சண்டை. கதையில ஒரு லாட்ஜ் வருது. அங்க பேரில்லாத ஒரு சாமியார் மழைக்கு ஒதுங்கறார். ஆளுங்க வந்து கேட்டதும் ரிசப்ஷன் பொண்ணு அவரைக் காட்டிக் குடுத்துடறா. அப்புறம் வேற யாரோ விசாரிச்சா, "அவரா? யாருன்னே தெரியாதே"ங்கறா.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "என்னை மனசுல வெச்சுத் தானே சார் எழுதினீங்க? வருஷக்கணக்கா தெரிஞ்ச மனுஷனை யாராவது அப்படிச் சொல்வாங்களா? மாத்துங்க."

"அவ கெட்டவ இல்லம்மா. பயந்துட்டா... அவ்ளோ தான்."

ரெண்டு நாள் அவர் கிட்ட பேசல. அந்த நாவல் புஸ்தகமா வந்துச்சான்னு கூட எனக்குத் தெரியாது.

இப்போ செங்கம் ரோடு பக்கம் எங்களுக்கே மூணு ரூம் கெஸ்ட் ஹவுஸ் இருக்கு. ரெஜிஸ்டர் கிடையாது, போன்ல ஒரு ஆப். தங்கறவங்க மூஞ்சியை போட்டோ எடுத்து ஐடியோட ஏத்தணும். ரோடெல்லாம் கேமரா. டீக்கடையில தொண்டை கிழிய அரசியல் பேசின ஆளுங்க, இப்போ போனை கவுத்து வெச்சுட்டுப் பேசறாங்க. எங்க பால்காரர் ஏதோ மீம் ஷேர் பண்ணார்னு கூப்பிட்டு ஒரு நாள் பூரா உக்கார வெச்சாங்க. அன்னையிலேர்ந்து எங்க ஃபேமிலி குரூப்ல வெறும் குட் மார்னிங் தான். எந்தக் கட்சி வந்தாலும் கட்டம் ஜாஸ்தி ஆகுதே தவிர கம்மி ஆகல.

போன மாசம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. குடை சாமி வந்து நின்னார். தாடி பூரா நரைச்சிருந்துச்சு, குடையில ரெண்டு கம்பி ஒடிஞ்சிருந்துச்சு. வராண்டாவுல படுத்துக்கச் சொன்னேன். அசந்து தூங்கினதும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன்.

யாரும் எடுக்கச் சொல்லல. கேட்டா காட்டணுமேன்னு நானா தான் எடுத்தேன்.

காலையில எழுந்து பார்த்தா ஆள் கிளம்பிட்டார். வெயில்லயும் கையை விட்டு இறங்காத குடையை அன்னைக்கு எப்படியோ மறந்துட்டார். பத்து மணிக்கு ரெண்டு பேர் வந்தாங்க. யூனிஃபார்ம் இல்ல. சிரிச்ச முகம். தண்ணி கூட வாங்கிக் குடிச்சாங்க.

"நேத்து உங்க வராண்டாவுல யாரோ தங்கினாங்களாமே மேடம்?"

போட்டோ இருக்கான்னு அவங்க கேக்கவே இல்ல. அதுக்குள்ள நான் போனை நீட்டிட்டேன். அவங்க போனுக்கு அனுப்பிக்கிட்டாங்க.

"பேரு?"

"அருணாசலம்..."

"அப்பா பேரு?"

தெரியாதுன்னு தலையாட்டினேன். தேங்க்ஸ் மேடம்னு சொல்லிட்டுப் போனாங்க.

அன்னையிலேர்ந்து குடை சாமியைக் காணோம். நிருதி லிங்கம் பக்கத்துல அவர் உக்கார்ற மரத்தடி காலியா இருக்கு. சாமியார் தானே, வேற ஊருக்குப் போயிருப்பார்னு மனசைத் தேத்திக்கறேன். யார் கிட்டயாவது விசாரிக்கலாம். விசாரிச்சா, "அவர் உங்களுக்கு என்ன வேணும்?"னு திருப்பிக் கேட்டுட்டா? அந்த பயத்துல இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல. இந்தப் போஸ்டையே நாலு தடவை எழுதி அழிச்சுட்டேன்.

அந்தக் காலத்து ரெஜிஸ்டரை வருஷம் முடிஞ்சா பழைய பேப்பர் கடையில போட்டுடுவாங்க. தேரடியில அதுல தான் வடை மடிச்சுக் குடுப்பாங்க. யார் வந்தா, யார் போனாங்கறதெல்லாம் எண்ணெயில ஊறிக் காணாமப் போயிடும். அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அப்போ தெரியல. இப்போ எதுவுமே அழியறதில்ல.

குடை இன்னும் வராண்டா கொக்கியில தொங்குது. நேத்து பெங்களூர்லேர்ந்து வந்து தங்கியிருக்கற ஒரு அம்மா அதைப் பார்த்துட்டு, "இது யாருதுங்க?"ன்னு சும்மா தான் கேட்டாங்க.

"யாரோடதுன்னே தெரியலைங்க"ன்னுட்டேன்.

ஜெயசீலன் சார்... எங்க இருக்கீங்களோ தெரியல. அந்தக் கடைசி அத்தியாயத்தை மாத்த வேணாம் சார்.